பியூரிட்டன் கவிதை: ‘ஃபுட்’ என்றால் அடியா, சீரா?

மாலைவகுப்பு (சுங்கை சிப்புட்)

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஞாயிறு மதியம் கோயில் மண்டபத்தில் ஆறு பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். ஆறு பேரும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கியவர்கள், இடைநிலைப்பள்ளியில் தமிழ் இலக்கியமும் படித்தவர்கள். இப்போது கல்லூரியில் அமெரிக்க இலக்கியம். முதல் பகுதி முழுக்கப் பியூரிட்டன்கள், அதாவது 17-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயச் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள். ஆன் பிராட்ஸ்ட்ரீட் எழுதியதில் இரண்டு (வீடு எரிந்த கவிதை, கணவருக்கு எழுதிய கவிதை), எட்வர்ட் டெய்லரின் ‘ஹஸ்விஃபரி’ ஒன்று.

மூன்று இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ‘பிரிடெஸ்டினேஷன்’ (யாருக்கு இரட்சிப்பு என்று கடவுள் முன்பே குறிப்பது) என்றால் தலைவிதி என்று எழுதிவிட்டு அதோடு நிறுத்திவிடுகிறார்கள். கவிதைச் சொற்களில் தமிழ் யாப்பும் ஆங்கில யாப்பும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொள்கின்றன: ‘ரைம்’ என்றால் எதுகை, ‘பென்டாமீட்டர்’ என்றால் ஐந்தடிப் பாட்டு என்று விடைத்தாளில் இருக்கிறது. டெய்லர் கவிதையில் வரும் நூற்கும் கருவிகள் எதையும் அவர்கள் கண்ணால் பார்த்ததில்லை, அதனால் உருவகம் பிடிபடவில்லை.

என்னிடம் நான்கு வகுப்பு இருக்கிறது, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். எதை முதலில் எடுப்பது? எங்கே நேரம் செலவிட வேண்டும்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

காய்ச்சீர்

டீச்சர், கலைச்சொல் குழப்பத்தை முதல் வகுப்பிலேயே தீர்த்துவிடுங்கள். அதை வைத்துக்கொண்டு கவிதைக்குள் போனால் ஒவ்வொரு வரியிலும் இடறும்.

‘லைன்’ என்பதுதான் அடி. ‘ஃபுட்’ என்பது சீர். அகராதியில் ‘ஃபுட்’ என்றால் பாதம், அடி என்று இருப்பதால் பிள்ளைகள் நேரே அடி என்று எடுத்துக்கொள்கிறார்கள். இதைச் சரிசெய்தால் மற்றவை தானாக வரிசையில் நிற்கும். நம் இலக்கணத்தில் இரண்டு சீர் வந்தால் குறளடி, மூன்று சிந்தடி, நான்கு அளவடி, ஐந்து நெடிலடி, அதற்கு மேல் கழிநெடிலடி. ஆங்கிலத்தில் அதே எண்ணிக்கைக்கு டைமீட்டர், ட்ரைமீட்டர், டெட்ராமீட்டர், பென்டாமீட்டர், ஹெக்ஸாமீட்டர். ஆகவே பென்டாமீட்டர் என்பது ஒரே அடிக்குள் ஐந்து சீர். ஐந்தடிப் பாட்டு இல்லை.

ஆனால் ‘சிலபிள்’ என்பதை மட்டும் அசை என்று பெயர்க்காதீர்கள். பல கையேடுகளில் அப்படித்தான் இருக்கிறது, அது தவறு. ‘மலர்’ நமக்கு ஒரே நிரையசை. ஆங்கிலக் கணக்கில் அது இரண்டு சிலபிள். நம் யாப்பு குறில், நெடில், ஒற்று என்று எழுத்தின் அளவைப் பார்க்கிறது. ஆங்கில யாப்பு எந்தச் சிலபிளில் குரல் அழுத்தம் விழுகிறது என்று பார்க்கிறது. இரண்டுக்கும் அடித்தளமே வேறு. ‘ஐயாம்’ என்றால் அழுத்தமில்லாதது ஒன்று, அழுத்தமுள்ளது ஒன்று, இந்த வரிசையில் சேர்ந்த ஒரு சீர். அதை நேர்நிரை என்றோ தேமா புளிமா என்றோ பெயரிட ஆரம்பித்தால் கணக்கு கெட்டுவிடும்.

வீடு எரிந்த கவிதையின் முதல் அடியைப் பலகையில் இப்படி எழுதுங்கள்:

இன் சை | லென்ட் நைட் | வென் ரெஸ்ட் | ஐ டுக்

முதலில் அடி முழுவதிலும் உள்ள உயிரொலிகளை எண்ணச் சொல்லுங்கள். எட்டு வர வேண்டும். அடுத்து, இரண்டு சிலபிள் உள்ள சொற்களில் அகராதி எங்கே அழுத்தம் காட்டுகிறதோ அங்கே கோடு போடுங்கள்: ‘சைலென்ட்’ முதல் சிலபிளில். பிறகு ‘நைட்’, ‘ரெஸ்ட்’, ‘டுக்’ போன்ற பொருள் தாங்கும் சொற்களுக்குக் கோடு. ‘இன்’, ‘வென்’ போன்ற இணைப்புச் சொற்களுக்கு வேண்டாம். கடைசியில் இரண்டிரண்டாக வெட்டுங்கள். நான்கு சீர், ஐயாம்பிக் டெட்ராமீட்டர். வெட்டிவிட்டு அழுத்தம் தேடக்கூடாது. அழுத்தம் கண்டுபிடித்த பிறகுதான் வெட்ட வேண்டும்.

இங்கே நம் பிள்ளைகளுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. தமிழ் நாக்கு வல்லின ஒற்றில் நிற்காது, ஒரு உகரத்தைச் சேர்த்துக்கொள்ளும். ‘நைட்’ ‘நைட்டு’ ஆகும், ‘ரெஸ்ட்’ ‘ரெஸ்ட்டு’ ஆகும், ‘டுக்’ ‘டுக்கு’ ஆகும். மூன்று உகரம் கூடினால் எட்டு பதினொன்றாகிவிடும். எண்ணிக்கை தப்பினால் முதலில் உச்சரிப்பைக் கேளுங்கள், பிறகு கணக்கைப் பாருங்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. அதே கவிதையின் நான்காம் அடியில் ‘பிட்டியஸ்’ என்ற சொல்லை மூன்று சிலபிளாக எண்ணினால் ஒன்பது வரும். அதை ‘பிட்-யஸ்’ என்று இரண்டாகச் சுருக்கி வாசிக்க வேண்டும். மூன்றாம் அடியில் ‘தண்டரிங்’ என்பதும் ‘தண்ட்ரிங்’ ஆகச் சுருங்கும், பதிப்பிலேயே நடுவில் ஒரு மேற்கோள் புள்ளி (’) போட்டிருப்பார்கள்.

‘ரைம்’ விஷயம். எதுகை என்பது அடியின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. மோனை முதலெழுத்து. அடியின் கடைசியில் ஒலி ஒன்றுவதற்கு நம்மிடம் தனிப்பெயர் இருக்கிறது: இயைபு. ‘எண்ட் ரைம்’ இயைபுதான். ‘அலிட்டரேஷன்’ மோனைக்குக் கிட்டத்தில் வரும். எதுகைக்கு ஆங்கிலத்தில் நேர்ச்சொல் கிடையாது, தேட வேண்டாம்.

‘டுக்’, ‘லுக்’ முழு இயைபு. அடுத்த இரண்டடி ‘நாய்ஸ்’, ‘வாய்ஸ்’ என்று முடியும். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் முதலாவதில் கடைசி ஒலி அதிர்ந்து வரும், தொண்டையில் விரல் வைத்தால் தெரியும். இரண்டாவதில் அதிர்வு இல்லை. அதனால் அது பாதி இயைபு, ‘ஸ்லான்ட் ரைம்’. இந்த இரண்டு ஜோடியையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினாலே போதும், தனியாக விளக்கம் தேவைப்படாது.

இன்னொன்று, இது யாரும் சொல்லாதது. ‘இன்வெர்ஷன்’ என்ற சொல்மாற்றத்தைத் தமிழ்ப் பிள்ளைகள் தவறவிடுவார்கள். ‘ரெஸ்ட் ஐ டுக்’ என்பது ஆங்கிலக்காரருக்குத் தலைகீழ். நமக்கோ ‘ஓய்வு நான் கொண்டேன்’ என்று இயல்பாகக் காதில் விழுகிறது. செயப்படுபொருள் வினைக்கு முன்னால் வருவது நம் வீட்டு வழக்கம்தானே! ஆகவே அடியைச் சாதாரண ஆங்கில வாக்கியமாக மாற்றி எழுதச் சொல்லுங்கள்: ‘வென் ஐ டுக் ரெஸ்ட்’. இரண்டையும் ஒப்பிட்டு, ஏன் மாற்றினார் என்று கேளுங்கள். இயைபுக்கு ‘டுக்’ கடைசியில் வேண்டும், அழுத்தமும் சரியாக விழ வேண்டும். இரண்டு காரணமும் விடையில் வந்தால் முழு மதிப்பெண்.

சீயோன்மலை

நம்பிக்கைப் பக்கத்தை நான் சொல்கிறேன். காய்ச்சீர் ஐயா சொன்ன யாப்பு சரி, ஆனால் கோட்பாடு தெரியாமல் கவிதையை வாசித்தால் எலும்பு மட்டும்தான் கையில் வரும்.

இங்கிலாந்துத் திருச்சபை ரோமிலிருந்து பிரிந்தது 1534-இல். பிரிந்த பிறகும் குருக்களின் அலங்கார அங்கி, நற்கருணை வாங்க முழங்காலிடுதல், ஞானஸ்நானத்தில் சிலுவை அடையாளம் என்று பழையவை பல தங்கிவிட்டன. வேதத்தில் இல்லாத எதுவும் வழிபாட்டில் இருக்கக்கூடாது, சபையைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்றவர்களுக்கு எதிராளிகள் வைத்த பட்டப்பெயர்தான் பியூரிட்டன்.

பிள்ளைகள் பில்கிரிம்களையும் பியூரிட்டன்களையும் ஒன்றாகக் கலக்கிறார்களா என்று பாருங்கள். 1620-இல் மேஃப்ளவர் கப்பலில் வந்து பிளிமத்தில் குடியேறிய 102 பேரில் பில்கிரிம்கள் திருச்சபையை விட்டே விலகியவர்கள். 1630-இல் ஜான் வின்த்ரப் தலைமையில் மாசசூசெட்ஸ் வளைகுடாவுக்கு வந்தவர்கள் விலகாமல் உள்ளிருந்தே திருத்த நினைத்தவர்கள். பிராட்ஸ்ட்ரீட் இரண்டாவது கூட்டம். ‘அர்பெல்லா’ கப்பலில் வந்தபோது அவருக்கு 18 வயது, ஏற்கெனவே திருமணமானவர்.

இப்போது தலைவிதி. இந்தச் சொல்லைப் பிள்ளைகள் பயன்படுத்தும்போது அதன் பின்னால் கர்மவினை நிற்கிறது: செய்தது திரும்ப வரும், இந்தப் பிறவியில் நல்லது செய்தால் கணக்கு மாறும். கால்வின் என்ற சீர்திருத்தவாதியின் வழிவந்த முன்குறித்தல் (‘பிரிடெஸ்டினேஷன்’) இதற்கு நேர்மாறு. உலகம் உண்டாகும் முன்பே கடவுள் சிலரை இரட்சிப்புக்குத் தெரிந்துகொண்டார், அதாவது தேர்ந்தெடுத்தார். அந்தத் தெரிவுக்கு மனிதனின் நன்மை தீமை எதுவும் காரணமில்லை, கிருபை மட்டுமே. நற்செயலால் அதைச் சம்பாதிக்க முடியாது, மாற்றவும் முடியாது.

அப்படியானால் ஏன் ஒழுக்கமாக வாழ வேண்டும் என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். நல்ல கேள்வி, பியூரிட்டன் எழுத்தின் கதவே அதுதான். நல்வாழ்க்கை இரட்சிப்புக்குக் காரணமில்லை, ஆனால் அடையாளம். நான் தெரிந்துகொள்ளப்பட்டவனா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அதனால் தினமும் தன் மனதைக் கிளறிப் பார்ப்பார்கள்: இன்று கோபப்பட்டேனா, ஜெபத்தில் மனம் அலைந்ததா, வீட்டையும் பொருளையும் அளவுக்கு மேல் நேசித்தேனா? நாட்குறிப்பு, தன்வரலாறு, தன்னையே விசாரிக்கும் கவிதை எல்லாம் இந்தப் பதற்றத்தில் பிறந்தவை.

அடுத்தது தேவ பராமரிப்பு, ‘பிராவிடன்ஸ்’. தற்செயல் என்று ஒன்று கிடையாது. மழை பொய்த்தாலும் வீடு எரிந்தாலும் அது கடவுள் எழுதிய ஒரு வாக்கியம், அதை வாசிக்க வேண்டும். மேரி ரோலண்ட்சன் 1676-இல் பூர்வகுடிகளிடம் சிறைப்பட்டுப் பதினொரு வாரம் கழித்து மீண்டவர். 1682-இல் வெளிவந்த அவருடைய நூலில் ஒவ்வொரு துன்பத்துக்கும் பக்கத்தில் ஒரு வேத வசனம் இருக்கும். அந்தப் பழக்கம்தான் பிராட்ஸ்ட்ரீட்டிடமும்.

இதை வைத்து வீடு எரிந்த கவிதைக்கு வாருங்கள். 1666 ஜூலை 10 இரவு. 54 அடி, இரண்டிரண்டாக இயைபு. தீயைப் பார்த்து முடியாமல் திரும்பும் இடத்தில், கொடுத்தவரும் எடுத்தவருமான அவர் நாமத்தை வாழ்த்தினேன் என்கிறார். இது யோபு 1:21. நம் வேதாகமத்தில் ‘கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்’. இப்படிப் பெயர் சொல்லாமல் தெரிந்த ஒன்றைத் தொட்டுக்காட்டுவதுதான் ‘அல்யூஷன்’. யோபு யார், எதை இழந்தான் என்று தெரிந்தவருக்கு ஒரு அடியிலேயே முழுக் கதையும் வந்துவிடும்.

ஆனால் கவிதை அங்கே முடியவில்லை. இங்கேதான் பெரும்பாலான விடைத்தாள் தவறுகிறது. ‘அவர் பக்தி மிக்கவர், வீட்டைப் பற்றிக் கவலைப்படவில்லை’ என்று எழுதுவார்கள். கவிதையின் நடுப்பகுதியைப் பாருங்கள். எரிந்த இடத்தைக் கடந்து போகும்போதெல்லாம் கண் அங்கே போகிறது: இங்கே அந்தப் பெட்டி இருந்தது, அங்கே அந்தப் பேழை இருந்தது. பிறகு வீட்டையே ‘நீ’ என்று விளித்துப் பேச ஆரம்பிக்கிறார். உன் கூரையின்கீழ் இனி விருந்தாளி உட்காரமாட்டார், உன் மேசையில் யாரும் சாப்பிடமாட்டார், மெழுகுவர்த்தி எரியாது, மணமகன் குரல் கேட்காது. இல்லை, இல்லை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். கவலைப்படாதவரா இப்படி அடுக்குவார்? இந்த விளித்தலுக்கு ஆங்கிலத்தில் ‘அபாஸ்ட்ரஃபி’ என்று பெயர், மேற்கோள் புள்ளிக்கும் அதே பெயர் என்பதால் தேர்வில் குழம்புவார்கள்.

அதன் பிறகுதான் தன் மனதைத் தானே கண்டிக்கத் தொடங்குகிறார். மேலே ஒரு வீடு இருக்கிறது, அதைக் கட்டியவர் பெரிய சிற்பி என்று தேற்றிக்கொள்கிறார். அது எபிரெயர் 11:10. கடைசி அடியில் என் பொக்கிஷம் மேலே என்பது மத்தேயு 6:20. ஆனால் அதற்கு முந்தைய அடியைக் கவனியுங்கள்: இனி உலகத்தை நேசிக்க என்னை விடாதேயும் என்று வேண்டுகிறார். நேசம் போய்விட்டதாகச் சொல்லவில்லை. போக வேண்டும் என்று மன்றாடுகிறார். இதைக் கண்டுபிடித்து எழுதும் பிள்ளை கவிதையைப் புரிந்துகொண்டது.

ஒரு எச்சரிக்கை. ‘ஆல் இஸ் வேனிட்டி’ என்று ஒரு இடம் வரும், பிரசங்கி புத்தகத்திலிருந்து எடுத்தது. தமிழ் வேதாகமத்தில் ‘மாயை, மாயை, எல்லாம் மாயை’. நம் பிள்ளைகள் உடனே வேதாந்தத்து மாயைக்குப் போய்விடுவார்கள், உலகம் பொய்த்தோற்றம் என்று எழுதுவார்கள். எபிரேய மூலச்சொல்லுக்கு மூச்சு, ஆவி என்று பொருள். குளிர்காலையில் வாயிலிருந்து வரும் புகை மாதிரி. இருக்கிறது, ஆனால் நிற்காது. பியூரிட்டனுக்கு உலகம் கடவுள் படைத்த நிஜம். நிலையில்லாதது என்பதுதான் விஷயம்.

மாலைவகுப்பு (சுங்கை சிப்புட்)

இருவருக்கும் மிக்க நன்றி. ‘நைட்டு’ உகரம் அப்படியே நடக்கிறது ஐயா, ஒன்பது பத்து என்று எண்ணிக்கொண்டு வருகிறார்கள், காரணம் இப்போதுதான் தெரிகிறது.

டெய்லர் பற்றி யாராவது சொல்ல முடியுமா? பாடக்குறிப்பில் ‘பியூரிட்டன்கள் எளிய நடையில் எழுதினார்கள்’ என்று இருக்கிறது. டெய்லரை எடுத்தால் எளிமையாகவே இல்லை. எதை நம்புவது?

ஒட்டுப்பால்

டீச்சர், ‘பிளெயின் ஸ்டைல்’ என்பது முதலில் பிரசங்கத்துக்கான விதி. வில்லியம் பெர்கின்ஸ் என்ற போதகர் வகுத்துக் கொடுத்த முறை: வசனத்தை வாசி, அதிலிருந்து உபதேசத்தை எடு, அதற்கு நியாயம் காட்டு, கேட்பவர் வாழ்க்கைக்குப் பொருத்து. கேட்பவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் உழவராக இருந்தாலும் புரிய வேண்டும். லத்தீன் மேற்கோளும் சொல்லலங்காரமும் பிரசங்கியைக் காட்டும், வசனத்தை மறைக்கும் என்பது காரணம்.

1640-இல் வட அமெரிக்க ஆங்கிலேயக் குடியேற்றங்களில் அச்சான முதல் புத்தகம் சங்கீதங்களின் செய்யுள் மொழிபெயர்ப்பு, ‘பே சாம் புக்’. கடவுளின் பீடத்துக்கு நம் மெருகு தேவையில்லை என்று அதன் முன்னுரை சொல்கிறது. அதில் 23-ஆம் சங்கீதம் ‘தி லார்ட் டு மி எ ஷெப்பர்ட் இஸ், வாண்ட் தேர்ஃபோர் ஷல் நாட் ஐ’ என்று தொடங்கும். 8 சிலபிள், 6 சிலபிள். பழகிய மெட்டில் சபை முழுக்கப் பாட வேண்டும், அதற்காகச் சொல்லைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். காய்ச்சீர் சொன்ன சொல்மாற்றத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

எளிய நடை என்றால் உருவகமே இல்லாத நடை என்று பொருளில்லை. உருவகம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் வேறுபாடு: அடுப்பங்கரை, வயல், நெசவு, வேதம். டெய்லர் மேற்கு மாசசூசெட்ஸில் வெஸ்ட்ஃபீல்டு என்ற எல்லைப்புற ஊரின் போதகர். கவிதைகளை வெளியிடவில்லை. 1729-இல் இறந்தார், கையெழுத்துப் பிரதி யேல் பல்கலைக்கழக நூலகத்தில் 1937-இல்தான் கண்டெடுக்கப்பட்டது. கடவுளிடம் தனியாகப் பேசிய கவிதை, அதில் அவர் எவ்வளவு நெருக்கி முடைந்தாலும் கேட்பவருக்குப் புரியாது என்ற கவலையில்லை.

‘ஹஸ்விஃபரி’ மூன்று பத்தி, பத்திக்கு ஆறு அடி, ஐயாம்பிக் பென்டாமீட்டர், இயைபு ஏ-பி-ஏ-பி-சி-சி. முதல் பத்தியில் நூற்கிறது, இரண்டாவதில் நெய்து வெளுத்துச் சாயம் போடுகிறது, மூன்றாவதில் உடுத்துகிறது. இந்த வரிசையைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

காந்தி படத்தில் வரும் ராட்டையைக் காட்டாதீர்கள். அதில் கதிர் மட்டும்தான் உண்டு, கவிதையில் வரும் ‘ஃபிளையர்’ கிடையாது. மிதித்து ஓட்டும் ஐரோப்பியச் சக்கரத்தின் படம் வேண்டும். அதில் ‘டிஸ்டாஃப்’ என்பது நூற்காத பஞ்சையோ கம்பளியையோ சுற்றி வைத்திருக்கும் கோல்: கவிதையில் அது வேத வசனம். ‘ஃபிளையர்’ இரண்டு கை விரித்த கவை, சுழன்று நூலை முறுக்கும்: உள்ளத்து உணர்வுகள். ‘ஸ்பூல்’ நூல் சுற்றும் கட்டை: ஆன்மா. ‘ரீல்’ முடிந்த நூலை அளந்து எடுக்கும் சட்டம்: ‘கான்வர்சேஷன்’.

இங்கே நிறுத்துங்கள். ‘கான்வர்சேஷன்’ என்பதைப் பேச்சு என்று எழுதினால் பூஜ்யம். 17-ஆம் நூற்றாண்டில் அதற்கு நடத்தை, வாழும் முறை என்று பொருள். பிலிப்பியர் 1:27-இல் பழைய ஆங்கில வேதாகமம் ‘கான்வர்சேஷன்’ என்று போட்ட இடத்தில் தமிழ் வேதாகமம் ‘நடந்துகொள்ளுங்கள்’ என்கிறது. வசனம் உள்ளே போய், உணர்வில் முறுக்கேறி, ஆன்மாவில் சுற்றி, கடைசியில் நடத்தையாக வெளியே வருகிறது. சீயோன்மலை சொன்னாரே, நடத்தை காரணமில்லை, அடையாளம் என்று. ரீல் நூலை உண்டாக்குவதில்லை, வந்த நூலைக் காட்டுகிறது.

வினைச்சொற்களையும் பாருங்கள். என்னைச் சக்கரமாக்கும், என் உணர்வை ஆக்கும், என் ஆன்மாவை ஆக்கும், என்னைத் தறியாக்கும். பெரும்பாலும் ‘மேக்’. நெய்வதைக்கூட நீரே நெய்யும் என்கிறார். பேசுபவர் தானாகச் செய்யும் வேலை ஒன்றுகூட இல்லை, அவர் கருவி மட்டும். முன்குறித்தல் கோட்பாடு இலக்கணத்திலேயே இறங்கியிருக்கிறது.

ஒரு பொருளை ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் உறுப்பு உறுப்பாகப் பொருத்திக் காட்டும் இந்த வகைக்கு ஆங்கிலத்தில் ‘கன்சீட்’. நம்மிடம் முற்றுருவகம். ‘அன்பே தகளியா ஆர்வமே நெய்யாக’ என்ற பூதத்தாழ்வார் பாட்டு பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். அன்பு அகல், ஆர்வம் நெய், சிந்தை திரி. அமைப்பு அதேதான். ஆனால் ஆழ்வார் பாட்டில் விளக்கை ஏற்றியது ‘நான்’. டெய்லரில் ‘நான்’ ஏற்றுவதில்லை. இந்த ஒரு வேறுபாட்டை ஒப்பீட்டு விடையில் எழுதினால் அருமையாக இருக்கும்.

பயிற்சிக்கு ஒன்று சொல்கிறேன். பால்மரத்தை (ரப்பர் மரத்தை) வைத்து ஆறு அடி எழுதச் சொல்லுங்கள், தமிழிலேயே. விடியுமுன் வெட்டு, மங்கில் (பால் ஏந்தும் கிண்ணத்தில்) வடியும் பால், தோளில் சுமக்கும் காண்டா வாளி, ஸ்டோரில் வடிகட்டி ஆசிட் ஊற்றி உறைய வைப்பது, உருளையில் கொடுத்து ஷீட்டாக இழுப்பது, புகை போடுவது. மூன்று நிபந்தனை: வரிசை மாறக்கூடாது, ஒரு பொருளுக்கு ஒரே பொருத்தம்தான், ‘நான்’ வேலை செய்யக்கூடாது. ‘நான் மரத்தை வெட்டினேன்’ என்று எழுதினால் அங்கேயே டெய்லர் போய்விடுகிறார். ‘என்னை மங்காக்கும், விழுவதைத் தாங்க’ என்று எழுதினால் சரி. மங்கை முதலில் மனம் என்று சொல்லிவிட்டு அடுத்த அடியில் உடம்பு என்று மாற்றினால் உருவகம் உடையும். பால் உறையும் முன்பே புகை போடுவதாக எழுதினால் வேலை தெரிந்தவர் சிரிப்பார். உருவகத்துக்கு முதலில் தொழில் சரியாக இருக்க வேண்டும்.

மாலைவகுப்பு (சுங்கை சிப்புட்)

அண்ணா, இது நேரே வகுப்புக்குப் போகிறது. பிள்ளைகள் வளர்ந்தது செம்பனைக் காலத்தில். ஆனாலும் மங்கு, வாளி, ஸ்டோர் எல்லாம் வீட்டில் காதில் விழுந்த சொற்கள்தான்.

நான்கு வகுப்பையும் எப்படிப் பிரிக்கலாம்?

சீயோன்மலை

முதல் வகுப்பு: நாற்பது நிமிடம் நம்பிக்கை, ஐம்பது நிமிடம் சீர் பிரித்தல். வரலாற்றை நீட்ட வேண்டாம். 1620, 1630, முன்குறித்தல், பராமரிப்பு, தன்னாய்வு இவ்வளவு போதும். இரண்டாவது முழுக்க வீடு எரிந்த கவிதை, 54 அடியையும் வாய்விட்டு வாசித்து. மூன்றாவது டெய்லர், பால்மரப் பயிற்சியை வீட்டுக்குக் கொடுங்கள். நான்காவதில் கணவர் கவிதை, அது 12 அடிதான். மீதி நேரத்தில் எழுதிய விடைகளைத் திருத்தலாம்.

பாடக்குறிப்பில் ஜோனத்தான் எட்வர்ட்ஸின் நரக நெருப்புப் பிரசங்கமும் சேர்த்திருப்பார்கள். அது 1741. பிராட்ஸ்ட்ரீட் இறந்தது 1672. இடையில் 69 ஆண்டு. அந்தப் பிரசங்கத்தின் மிரட்டலை எடுத்து இவர் கவிதைக்குள் போட வேண்டாம்.

கணவர் கவிதைக்குப் போகும் முன் பிள்ளைகளிடம் ஒரு தவறான எண்ணம் இருக்கும்: பியூரிட்டன் என்றால் காதலே கூடாதவர்கள் என்று. கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம் என்று 1659-இல் மாசசூசெட்ஸில் சட்டம் போட்டவர்கள்தான், 1681 வரை அது இருந்தது. ஆனால் அதன் காரணம் வேறு: வேதத்தில் அந்தத் தேதி இல்லை. திருமணத்துக்குள் அன்பு அவர்களுக்குக் கடமையும் கொடையும். ஆறுகளாலும் என் நேசத்தை அவிக்க முடியாது என்று அவர் எழுதுவது உன்னதப்பாட்டு 8:7.

மாலைவகுப்பு (சுங்கை சிப்புட்)

அந்தக் கவிதையில் ஒரு சந்தேகம் மட்டும். மற்ற அடிகள் பத்து சிலபிள் சரியாக வருகின்றன. கடைசி இரண்டடி கணக்கில் இடிக்கிறது. ஒன்று ‘பெர்சவியர்’ என்று முடிகிறது, அடுத்தது ‘எவர்’ என்று முடிகிறது. இயைபும் இல்லை. பாதி இயைபு என்று எழுதச் சொல்லலாமா?

காய்ச்சீர்

வேண்டாம் டீச்சர். அது இன்றைய உச்சரிப்பால் வரும் குழப்பம். அந்தக் காலத்தில் அந்தச் சொல்லை நடுவில் அழுத்தி ‘பெர்-செ-வர்’ என்று சொன்னார்கள், பழைய எழுத்துக்கூட்டலும் அதற்கேற்றபடி கடைசி எழுத்து இல்லாமல் இருக்கும். அப்படி வாசித்தால் ‘செவர்’, ‘எவர்’ முழு இயைபு. இரண்டடியும் பதினொரு சிலபிள் வரும், கடைசிச் சிலபிளில் அழுத்தம் இருக்காது. இதற்கு ‘ஃபெமினைன் எண்டிங்’ என்று பெயர். முதல் பத்து அடியும் அழுத்தத்தோடு இறுக்கமாக முடியும். ‘நிலைத்திரு’, ‘என்றென்றைக்கும்’ என்ற பொருளுள்ள இந்த இரண்டு சொற்களில் மட்டும் அடி முடியாமல் சற்றே நீள்கிறது. ‘குவென்ச்’, ‘ரெக்கம்பென்ஸ்’ என்று முடியும் ஜோடிதான் பாதி இயைபு, அதை அங்கே எழுதச் சொல்லுங்கள்.

சீயோன்மலை சொன்ன கோட்பாட்டில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது: தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் கடைசி வரை நிலைத்திருப்பார்கள் என்பது. ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் ‘பெர்சவியரன்ஸ்’. கணவனும் மனைவியும் அன்பில் நிலைத்திருப்போம் என்று சொல்ல வந்தவர் அந்தச் சொல்லைத்தான் எடுத்திருக்கிறார். கவிதையில் அவர் கோட்பாட்டை எங்கும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. பதினோராம் அடியின் கடைசியில் இந்த ஒரு சொல்லுக்கு அடிக்கோடு போடச் சொல்லிவிட்டுப் பழைய உச்சரிப்பிலேயே இரண்டு முறை வாசிக்க விடுங்கள்.